எர்லிண்டாவின் சனிக்கிழமை வகுப்பு

அமெரிக்காவின் டென்வர் நகரில் கோல்ஃபாக்ஸ் சாலை பஸ்ஸைப் பத்தொன்பது வருஷம் ஓட்டியவள் எர்லிண்டா அர்ச்சுலெட்டா. காலை நாலரைக்கெல்லாம் டிப்போவில் இருப்பாள். குடித்துவிட்டு ரகளை செய்கிறவனைக் கை வைக்காமல் பேசியே இறக்கிவிடுவாள். பனி கொட்டும் நாளில் யாராவது ஓடி வருவது கண்ணாடியில் தெரிந்தால் கதவை மூடமாட்டாள். அத்தனை வருஷம் உட்கார்ந்ததில் இடுப்பு போய்விட்டது. ஐம்பத்துமூன்று வயதில், பஸ் படியை விட்டு இறங்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது.

டாக்டர் ஒரு வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார். காருக்கு வந்ததும் சீட்டைக் கிழித்துப் போட்டாள். அவள் தம்பி ரூடி கட்டட வேலையில் தோளை உடைத்துக்கொண்டு, அதே மாத்திரையில்தான் ஆரம்பித்தான். முதலில் ஒன்று, அப்புறம் ஆறு, அப்புறம் தெருவில் கிடைத்ததெல்லாம். நாலாவது வருஷம் குளியலறைக் கதவை உடைத்து அவனை வெளியே எடுத்தாள் அவன் மனைவி சீலியா.

அந்தச் சீலியாதான் எர்லிண்டாவை யோகாவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். முதலில் போன இடம் அடுப்பு மாதிரி கொதிக்கும் அறை. கால் மணி நேரத்தில் எழுந்து வந்துவிட்டாள். அடுத்த இடத்தில் பாட்டுக்குத் தக்கபடி ஆசனத்துக்கு ஆசனம் தாவச் சொன்னார்கள். "இது யோகாவா, குரங்காட்டமா?" என்று கேட்டுக்கொண்டே பாயைச் சுருட்டினாள்.

மூன்றாவது, கெசாயா நடத்திய வகுப்பு. முன்பு மெத்தைக் கிடங்காக இருந்த இடம். கெசாயா பழைய நர்ஸ். அவள் வகுப்பில் கஞ்சாவை மறைக்க வேண்டியதில்லை; அந்த மாநிலத்தில் அது சட்டப்படி கடையிலேயே விற்கும், வாங்கி வந்து பாயில் உட்கார்ந்தே பிடிக்கலாம். வெள்ளிக்கிழமை வேகமான வகுப்பு. தெரியாத்தனமாக மூன்று இழுப்பு இழுத்துவிட்டு எர்லிண்டா குனிந்து நிமிர்ந்தாள். சுவர் சுற்றியது. வாளியில் வாந்தி எடுத்தாள்.

கெசாயா ஈரத்துணியால் அவள் கழுத்தைத் துடைத்தாள். "வேகமா பண்றதுக்கும் இதுக்கும் ஒத்துக்காதுங்க. எழுந்திருக்கிறப்போ ரத்த அழுத்தம் சட்டுன்னு இறங்கிடும். நீங்க சனிக்கிழமை வாங்க. ஒரே ஒரு இழுப்பு. ஒரே ஆசனம், பத்து நிமிஷம்."

சனிக்கிழமை, ஒரு இழுப்புக்குப் பிறகு, கெசாயா அவள் கால் ஒன்றை மடக்கி, தலையணைகளின் மேல் குப்புறக் கிடத்தினாள். வலி என்று ஒரே கட்டியாக இருந்தது பிரிந்து, இங்கே ஒரு நரம்பு, அங்கே ஒரு தசை என்று தனித்தனியாகத் தெரிந்தது. மூச்சு அங்கே போய்வந்தது. ஏழாவது நிமிஷமோ எட்டாவதோ, இடுப்பு தானாகவே கீழே இறங்கியது. எர்லிண்டா அழுதாள்.

பக்கத்துப் பாயிலிருந்து சீலியா குசுகுசுத்தாள். "வலிக்குதாடி?"

"இல்லடி. வலிக்கல. அதான்."

பதினாலு மாதம் ஒரு சனிக்கிழமைகூட விடவில்லை. ஞாயிறும் திங்களும் விடுமுறை. செவ்வாய் பஸ் எடுக்கும்போது தலை தெளிவாக இருக்கும். ஆனால் விதி அவளுக்குத் தெரியாதது அல்ல. மாநிலத்தில் கஞ்சா செல்லும். கனரக வண்டி ஓட்டுகிறவர்களுக்கு மட்டும் மத்திய அரசின் சட்டம், அதில் செல்லாது. டிப்போச் சுவரில் அது ஒட்டியே இருந்தது. தினமும் அதைக் கடந்துதான் பஸ்ஸுக்குப் போனாள்.

அக்டோபரில் போதைச் சோதனைக்கு ஆள் எடுக்கும் குலுக்கலில் அவள் பெயர் வந்தது. சிறுநீர் கொடுத்தாள். ஐந்தாம் நாள் டிப்போ மேலாளர் வெண்டெல் கூப்பிட்டு, கதவைச் சாத்தினான். இருவரும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

"என்ன எர்லிண்டா இது?"

"சனிக்கிழமை ஒரு இழுப்பு. இடுப்புக்கு. வெண்டெல், நான் ஒரு நாளாவது தள்ளாடி வந்து பாத்திருக்கியா?"

"இல்ல."

"நீ தினம் நாலு பீர் குடிக்கற."

"அது காலைல போயிடும். இது உடம்புல வாரக்கணக்குல கெடக்கும். மெஷினுக்குச் சனிக்கிழமையும் தெரியாது, இடுப்பும் தெரியாது." அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "சாவியைக் குடு."

யூனியன் பேசியதில் வேலை போகாமல் தப்பியது. ஆனால் எட்டு வாரம் போதை மறுவாழ்வுக் கூட்டத்துக்குப் போக வேண்டும். அங்கே வட்டமாக உட்கார வைத்தார்கள். ஆலோசகர் நல்ல மனுஷிதான், மெதுவாகக் கேட்டாள்: "எதை மறக்கறதுக்காகப் பிடிச்சீங்க, எர்லிண்டா?"

"இடுப்பை."

யாரோ சிரித்தார்கள். ஆலோசகர் தாளில் எதையோ எழுதினாள். ஒத்துக்கொள்ள மறுக்கிறாள் என்று எழுதியிருந்தது பிறகுதான் தெரிந்தது. அடுத்த வாரத்திலிருந்து கேட்டதற்கெல்லாம் ஆமாம் சொன்னாள்.

வேலைக்குத் திரும்பும் முன் இன்னொரு சோதனை. இம்முறை கழிப்பறைக்குள் ஒரு பெண் நின்று, கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எர்லிண்டாவின் பாதி வயதுகூட இருக்காது. "மன்னிச்சிக்கோங்க, இப்படித்தான் செய்யணும்" என்றாள்.

கெசாயா தொலைபேசியில் பேசினாள். "வகுப்புக்குள்ள வராதீங்க. அங்க இருக்கிற புகையே ஆபத்து. நான் வேணா செவ்வாய்க்கிழமை தனியா, புகை இல்லாம சொல்லித் தரேன்." நாலு செவ்வாய் போனாள். அதே தலையணை, அதே ஆசனம், அதே பத்து நிமிஷம். இடுப்பு இரும்பாகக் கிடந்தது. கெசாயா அவள் முதுகில் கை வைத்துக்கொண்டு வெறுமனே உட்கார்ந்திருந்தாள். ஐந்தாவது செவ்வாய் எர்லிண்டா போகவில்லை.

சோதனையில் தேறி மறுபடி பஸ் எடுத்தாள்; ஓய்வூதியத்துக்கு இன்னும் ஆறு வருஷம் இருந்தது. பிப்ரவரியில் ஒரு நாள் பிரேக்கை மிதிக்கக் கால் எழும்பாமல், கையால் தொடையைத் தூக்கி வைத்தாள். பஸ்ஸில் முப்பது பேர். அன்றைக்கே வெண்டெலிடம் போனாள்.

"டாக்டர் மாத்திரை எழுதினா போட்டுக்கலாமே" என்றான். "வண்டி ஓட்டத் தடையில்லைன்னு அவர் ஒரு கடிதம் குடுத்தாப் போதும்."

"அந்த மாத்திரைதான் ரூடியைக் கொன்னது."

"தெரியும். அடக்கத்துக்கு நானும் வந்தேனே." வெண்டெல் மேஜையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "சட்டத்தை நான் எழுதல, எர்லிண்டா."

டாக்டர் எழுதினார், கடிதமும் கொடுத்தார். எர்லிண்டா பாட்டிலைத் திறக்காமல் அப்படியே சீலியா வீட்டுக்குக் கொண்டுபோனாள். "இது உன்கிட்டயே இருக்கட்டும். சாயங்காலம் ஒண்ணு மட்டும் குடு. நான் கெஞ்சினாலும் ரெண்டாவது குடுக்காதே."

சீலியா பாட்டிலைத் தொடவே இல்லை. "உன்னை அங்க கூட்டிட்டுப் போனது நான்தானே. போகாம இருந்திருந்தா..."

"போகாம இருந்திருந்தா அந்தப் பதினாலு மாசமும் இருந்திருக்காதுடி."

இப்போது சாயங்காலம் ஐந்து மணிக்குச் சீலியா ஒரு மாத்திரையைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு வருகிறாள். முன்பு ஒன்று போதுமாக இருந்தது. மே மாதத்திலிருந்து எர்லிண்டா இரண்டாவதைக் கேட்கிறாள். மூன்று முறை சீலியா கொடுத்தும்விட்டாள். கொடுத்த நாட்களில் இருவரும் பேசிக்கொள்வதில்லை.

சனிக்கிழமைகளில் மட்டும், மாத்திரைக்கு முன்னால், எர்லிண்டா கூடத்துத் தரையில் தலையணைகளை அடுக்குகிறாள். அடுப்பில் பன்றிக்கறியோடு பச்சைமிளகாய்க் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும். சீலியா கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிமிஷம் சொல்கிறாள். ஒன்று. இரண்டு. போன வாரம் ஆறு வரைக்கும் போனது. இந்த வாரம் நாலிலேயே, "தூக்குடி, முடியல" என்றாள் எர்லிண்டா. சீலியா அக்குளில் கைகொடுத்து அவளைத் தூக்கி உட்கார வைத்தாள்.