அரிசி டின்னில் நின்ற அம்பாசிடர்

செல்போன் தண்ணீரில் விழுந்துவிட்டால் அரிசிக்குள் வைக்க வேண்டும், ஈரத்தை அரிசி உறிஞ்சிவிடும் என்று சொல்வார்கள். அதை நம்பியவர்களில் நானும் ஒருவன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஈரமான செல்போனுக்கு ஆகிற வைத்தியம் ஈரமான பெயின்டுக்கும் ஆகும் என்று முடிவு செய்தேன் பாருங்கள்... வினை அங்கேதான் ஆரம்பித்தது.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் வியாதி தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் சின்னக் கார் செய்கிறவன். உள்ளங்கையில் அடங்குகிற கார். பொம்மைக் கடையில் வாங்கி, ஸ்க்ரூ கழற்றி, பெயின்டை உரித்து, நிஜ வண்டி மாதிரியே திரும்பப் பூட்டுவது. தலை நரைத்தவன் பொம்மைக் கார் வைத்திருக்கிறான் என்றால் தஞ்சாவூரே சிரிக்கும். ‘ஸ்கேல் மாடல்’ என்று சொல்லிப் பார்த்தேன். சிரிப்பு கொஞ்சம் குறைகிறது.

இந்த முறை காரியம் பெரிசு. மகளுக்குக் கல்யாணம். அவளும் மாப்பிள்ளையும் பெங்களூரில் ஒரே ஆபீஸ். பார்ப்பது, பேசுவது, பிடிப்பது எல்லாவற்றையும் அவர்களே முடித்துவிட்டார்கள். பெரியவர்களுக்கு மிச்சம் வைத்தது தேதி குறிப்பதும் சாப்பிடுவதும்தான். அதற்காக மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் ஒரத்தநாட்டிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வருவதாக ஏற்பாடு.

சம்பந்தி ரிட்டயர்டு கால்நடை மருத்துவர். சர்வீஸ் காலம் முழுக்க ஒரு கருநீல அம்பாசிடரில்தான் கிராமம் கிராமமாகப் போய் மாடு பார்த்திருக்கிறார். வண்டியை விற்ற அன்றைக்குச் சாப்பிடவில்லையாம். மகள் சொன்னாள். அந்த வண்டியின் பழைய போட்டோ ஒன்றை மாப்பிள்ளையிடமிருந்து வாங்கி வாட்ஸ்அப்பில் அனுப்பியும் வைத்தாள். போதாதா எனக்கு?

அதே வண்டியைச் சின்னதாகச் செய்து சம்பந்திக்குக் கொடுப்பது என்று வேலையில் இறங்கினேன். மாத்திரை அட்டையின் வெள்ளித் தகட்டில் பம்பர். ஒயரின் ஒற்றைக் கம்பியில் வைப்பர். வாய்க்கால் மண்ணை டீ வடிகட்டியில் சலித்து மட்கார்டு அடியில் சேறு. (வடிகட்டி பற்றி வீட்டில் விசாரணை இன்னும் முடியவில்லை.) கூல்டிரிங்க்ஸ் கேனை வெட்டிப் பக்கவாட்டுக் கண்ணாடி இரண்டு செய்தேன். ஒவ்வொன்றும் அரை அரிசி அளவு. ஓரம் பிளேடு மாதிரி.

சனிக்கிழமை சாயங்காலம் கடைசிக் கோட் வார்னிஷ் அடித்தேன். ஐப்பசி அடைமழை. துவைத்த துணியே மூன்று நாளாகக் கொடியில் நாறிக்கொண்டிருக்கிறது, வார்னிஷ் எங்கே காயும்? தொட்டால் ஒட்டியது. அப்போதுதான் அரிசி ஞாபகம் வந்தது. டின்னைத் திறந்து, அரிசி மேல் பேப்பரை விரித்து, அம்பாசிடரை அதில் பார்க் செய்து மூடினேன். காலையில் பளிங்காகக் காய்ந்திருக்கும் என்று ஒரு திருப்தி.

காலையில் எழுந்து போனால் டின்னில் கார் இல்லை. ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்திருந்தது. என் மனைவி சுமதி சமையலுக்கு அரிசி எடுத்திருக்கிறாள்.

“அரிசி டின்ல கார் நிறுத்துற ஒரே ஆள் நீங்கதான்” என்றாள். அதில் பாராட்டு எதுவும் இல்லை.

காரை நிமிர்த்திப் பார்த்தேன். வலது பக்கம் கண்ணாடி இருக்கிறது. இடது பக்கம் இல்லை.

பேப்பரில் தேடினேன். அலமாரியில் தேடினேன். டின் அரிசியை முறத்தில் கொட்டி விரலால் அளைந்தேன். இல்லை. அப்படியென்றால் எங்கே போயிருக்கும்? குக்கர் விசில் அடித்தது.

மனைவியிடம் சொல்லலாமா? சம்பந்தி வீட்டார் சாப்பிடப்போகிற சோற்றில் தகரம் இருக்கிறது என்று எந்த வாயால் சொல்வது? பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்துப்போய், அவள் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் சோற்றின் மேல் ஒரு சுற்று சுற்றினேன். ஒன்றும் வரவில்லை. கூல்டிரிங்க்ஸ் கேன் அலுமினியம், காந்தத்தில் ஒட்டாது என்பது ரெண்டாவது சுற்றில்தான் உறைத்தது. அதற்குள் அவள் திரும்பிவிட்டாள். நான் காந்தத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஆவி நன்றாக வருகிறது என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

பதினொரு மணிக்கு வந்துவிட்டார்கள். நல்ல மனிதர்கள். சம்பந்தியம்மா நெல்லிக்காய் கொண்டுவந்திருந்தார். பேச்சு மழையில் ஆரம்பித்து, தண்ணீர் நிற்கிற சம்பா நடவில் போய் நின்றது. நான் எதையும் கேட்கவில்லை. சாப்பாட்டை எப்படி நிறுத்துவது என்பது ஒன்றே மண்டைக்குள் ஓடியது.

“சம்பந்தி, உங்களுக்கு சுகர் இருக்குமே. சப்பாத்தி போடச் சொல்லட்டுமா?” என்று கேட்டுப் பார்த்தேன்.

“எனக்கு சுகரெல்லாம் இல்லீங்களே” என்றார். “நாலு மா வயல்ல நடவு நட்டுட்டு வந்திருக்கேன். எனக்குச் சப்பாத்தியா?”

டெல்டாக்காரரைப் பார்த்துச் சோறு வேண்டாம் என்று சொல்வதா? சுமதி பார்த்த பார்வையில் நான் பேச்சை விட்டுவிட்டு இலையைப் போட்டேன்.

அடுத்த யோசனை — பெரும்பாலான சோற்றை நானே சாப்பிட்டுவிடுவது. போனால் நான் போகிறேன். கல்யாணம் நடக்கட்டும். சோறு வரும்போதெல்லாம் என் இலைக்கு இழுத்துக்கொண்டேன். நல்லா பசிச்சு சாப்பிடுறாரு என்று சம்பந்தியம்மா மெச்சினார். சுமதி சிரித்தாள், பல்லைக் கடித்துக்கொண்டு. ஒவ்வொரு கவளத்தையும் நாக்கால் துழாவி விழுங்கினேன்.

சம்பந்தியின் வாயில் ‘கடக்’ என்றது. என் கை அப்படியே நின்றது. அப்பளம்.

சாம்பார் முடிந்து ரசத்துக்கு வந்தபோது அவருக்குப் பழைய கதை சொல்லும் உற்சாகம் வந்துவிட்டது. ஒரு பசு தீனி எடுக்காமல் நின்ற கதை.

“வைக்கோலோட ஒரு துண்டு கம்பிய முழுங்கியிருக்குங்க. வெளியில ஒண்ணும் தெரியாது. உள்ள போய் மெதுவா குத்தும். அப்படியே நெஞ்சுப் பக்கம் நகரும்.”

“அதுக்கு என்ன பண்ணுவீங்க?” என்று கேட்டேன்.

“இரும்புன்னா காந்தத்தை முழுங்க வெப்போம். உள்ளயே புடிச்சு வெச்சுக்கும்.”

“அலுமினியம்னா?”

அவர் ரசத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “அலுமினியம்னா கஷ்டம்தான். ஏன் கேக்குறீங்க?”

சும்மா பொது அறிவுக்கு என்றேன். சட்டைப்பையில் காந்தம் கனத்தது.

மோருக்கும் ஒரு கரண்டி சோறு கேட்டார். எனக்கு இடமில்லை. இருந்தும் நானும் கேட்டேன்.

கை கழுவியதும் சுமதி உள்ளே போய், என்னைக் கேட்காமலே அம்பாசிடரை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்துவிட்டாள். மனிதர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டு, காரை மூக்கருகில் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மட்கார்டு சேற்றைப் பார்த்தார். நம்பர் பிளேட்டைப் பார்த்தார். இடது பக்கம் வந்து நின்றார்.

இனி தாங்காது. சொல்லிவிடுவோம், ஸ்கேன் எடுக்கத் தஞ்சாவூரில் இடமா இல்லை என்று வாயைத் திறந்தேன்.

“சம்பந்தி, அந்த எடது கண்ணாடி...”

“அதைத்தாங்க பாக்குறேன். கரெக்டா வைக்காம விட்டுருக்கீங்களே” என்றார். “பூதலூர் ரயில்வே கேட்ல நிக்கிறப்ப ஒரு எருமை ஒரசி ஒடைச்சிட்டுப் போச்சு. நம்ம பேஷன்ட்தானேன்னு விட்டுட்டேன். கடைசிவரைக்கும் மாத்தவே இல்ல. அது உங்களுக்கு எப்படிங்க தெரிஞ்சுது?”

எப்படித் தெரிந்தது? போட்டோவில் தெரிந்தது. போட்டோவில் இடது பக்கம் கண்ணாடி இல்லை என்று போன வாரம் நானே கண்டுபிடித்து, செய்து வைத்ததை ஒட்டாமல் விட்டு, அந்தப் பெருமையைச் சுமதியிடம் சொல்லியும் இருக்கிறேன். அவள் அப்போது சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள். பயம் வந்தால் மனிதன் முதலில் எதைத் தொலைக்கிறான்? கண்ணாடியை இல்லை.

“டீடெய்லிங் சம்பந்தி, டீடெய்லிங்” என்றேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பேசிக்கொண்டிருந்த நாலு தேதியில், எங்களுக்கு எது வசதியோ அதற்கே சரி என்று சொல்லிவிட்டார். தை மாதம் முடிவானது. வாசல் வரை போனவர் திரும்பிவந்து காரைத் துண்டில் சுற்றித் தரச் சொன்னார். ஒரு வாரத்தில் ஸ்டாண்டு போட்டுத் தருகிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டேன். காரணம் ஸ்டாண்டு இல்லை.

அவர்கள் போனதும் தேடிப் பார்த்தால், அந்த இடது கண்ணாடி ஒரு தீப்பெட்டிக்குள் இருந்தது. நான்தான் போட்டு வைத்திருக்கிறேன். பானெட்டின் மேல் சம்பந்தியின் கட்டைவிரல் ரேகை அச்சாகப் பதிந்திருக்கிறது. வார்னிஷ் காயவே இல்லை.