நீலமாய் ஒளிர்ந்த கல்

சுரங்க மேனேஜரைக் கட்டிக்கொண்டவளுக்குக் கல் கழுவுகிற வேலை தாலியோடு சேர்ந்தே வந்துவிடுகிறது. கணவரின் உத்தியோகத்துக்கும் சேர்த்து வாழ்க்கைப்பட்ட சகோதரிகளே, உங்களுக்குச் சொன்னால் புரியும்.

கனக்கல்

கல்வராயன் மலையடிவாரத்தில், கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, எங்கள் டங்ஸ்டன் சுரங்கம். பெரிதாக நினைத்துவிடாதீர்கள். இரண்டு குழி, ஒரு தகரக் கொட்டகை, இருபது ஆட்கள். யுத்த காலத்தில் பீரங்கிக்கு உரமான எஃகு வேண்டுமென்று வெள்ளைக்காரன் தோண்டியது. யுத்தம் முடிந்தது, விலை விழுந்தது, குழியை அப்படியே போட்டுவிட்டுப் போய்விட்டான். பல வருஷம் கழித்து ஒரு கம்பெனி மறுபடி திறந்தது. மேனேஜராக என் வீட்டுக்காரர், அவர் பின்னால் நான்.

சின்னத் துண்டைத் தூக்கினாலே மணிக்கட்டு இறங்கும். அதனால் ஆட்கள் அதைக் கனக்கல் என்பார்கள். பழைய கதையெல்லாம் மேஸ்திரி ரங்கன் சொல்லித்தான் தெரியும். "சண்டை வந்தா தொர கல்லத் தேடுவாரும்மா. சண்டை முடிஞ்சா நம்பள எவன் தேடறான்?"

போர்வைக்குள்

பூமிக்கடியில் பாறை உருகி ஆறியபோது, கொதிக்கும் நீர் விரிசல்களில் ஏறி வெள்ளைக்கல்லாக உறைந்ததாம். அதற்குள் புள்ளி புள்ளியாக டங்ஸ்டன். பகலில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. கல்லையும் நம்மையும் சேர்த்துப் போர்வையால் மூடி, புற ஊதா விளக்கைக் காட்டினால் நீலமாக ஒளிரும்.

அந்த வருஷம், பாறைக்குள் ஒரு முழ அகலத்துக்கு ஓடிய வெள்ளைக்கல் ரேகை விரலளவாகச் சுருங்கிவிட்டது. புது ரேகை காட்டாவிட்டால் மூடிவிடுவோம், அதிகாரி நேரில் வருகிறார் என்று கம்பெனி கடிதம் போட்டது. இவர் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "கல் இருக்கு. எங்கேன்னுதான் தெரியல."

சாலையில் புளியமரம்

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த சமயம். தியாகதுருகம் பக்கம் சாலையில் மரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். அதிகாரி திருக்கோவிலூரில் மாட்டிக்கொண்டார். ஊரே பஸ் இல்லாமல் தவிக்க, நான் ஒருத்தி சந்தோஷப்பட்டேன். இவர் இன்னும் நாலு இடத்தில் தோண்டிப் பார்க்கலாமே!

மறியலில் நின்றுவிட்டு வந்த மாணிக்கம், எங்களிடம் கல் உடைக்கும் அஞ்சலையின் புருஷன். இன்னும் ஒரு வாரம் மரத்தை எடுக்காதீர்கள் என்று அவனிடம் வெட்கமில்லாமல் கேட்டேன். "புள்ளைங்க படிப்புக்கும் வேலைக்கும் நின்னுக்கினு கீறோம்மா. ஒங்க கல்லுக்கோசரம் ரோட்டுல மரத்தப் படுக்க வெக்க முடியுமா?"

சோப்புத்தூள்

புதுக் குழியிலிருந்து ஒரு கூடைக் கல் வந்தது, சேறும் சகதியுமாக. வெறும் தண்ணீரில்தான் கழுவ வேண்டும். நானோ நகத்தைக்கூடச் சோதித்த கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள். எனக்குப் பொறுமையும் கிடையாது. சோப்புத்தூளைக் கொட்டித் தேய்த்து, கிணற்றில் தண்ணீர் கம்மி என்று ஒரே முறை அலசிக் காயவைத்தேன்.

போர்வைக்குள் விளக்கைக் காட்டினால், கூடை முழுக்க நீலம்! இவர் கல்லைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. ரங்கன் ஓடிப்போய் எல்லோரையும் கூட்டிவந்தான். சுரங்கத்தை மூடமாட்டார்கள் என்று இரண்டு நாள் இருபது வீடும் சிரித்தது. நான் பாயசம் வைத்தேன்.

மூன்றாம் நாள்தான் அஞ்சலைக்கு முறை வந்தது. நான் கொடுத்த அதே சோப்புத்தூளில் துவைத்த புடவையோடு போர்வைக்குள் நுழைந்தாள். பிறகு உள்ளேயிருந்தே கேட்டாள்: "யம்மா, என் முந்தானையும்தான் ஜொலிக்குது. அப்ப என்னையும் தோண்டுவீங்களா?"

மூடியது

துணி பளிச்சென்று தெரியச் சோப்புத்தூளில் சேர்க்கிற மருந்தும் அந்த விளக்கில் நீலமாகத்தான் ஒளிருமாம். கல்லை நாலு தண்ணீரில் அலசினோம். நீலமெல்லாம் வாளியோடு போய்விட்டது. சாலை திறந்தது, அதிகாரி வந்தார். இவர் எதையும் மறைக்கவில்லை. அவர் விளக்கை அணைத்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, குழிகளைச் சுற்றி முள்வேலி போடச் சொன்னார்.

ஆட்கள் கரும்பு வெட்டக் கிளம்பினார்கள். அஞ்சலையிடம் போய், எல்லாம் என்னால்தான் என்று ஆரம்பித்தேன். அரிவாளைக் கோணியில் சுற்றிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "நீங்க இன்னா செய்வீங்க, கல்லு இல்ல, மூடிட்டாங்க. அந்த ரெண்டு நாளு இன்னாத்துக்குச் சிரிச்சோம்னுதாம்மா ஆத்திரம் ஆத்திரமா வருது."

கல் உடைப்பது கஷ்டமான தொழில்தான், ஆனால் கல் இல்லை என்று இருபது வீட்டுக்குச் சொல்லிவிட்டு, மறுநாள் காலை அதே தெருவில் பால் வாங்கப் போய்ப் பாருங்கள்.