எனக்கு அண்ணன் இல்லை என்று சொன்னவர்

என் சமையலறையில் தண்ணீர் கொதிக்கவைக்கும் மின்சாரக் கேத்தல் ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தில் செய்தது. உலோக உடம்பு, கறுப்புக் கைப்பிடி, மூடியில் ஒரு சின்ன நெளிவு. வயரின் நுனியில் மட்டும் சுவிஸ் பிளக். இதைத் தந்த மனிதரைப் பற்றி எழுத உட்காரும்போதெல்லாம் கோபம் முந்திக்கொண்டு வந்து, நடந்தவற்றை முன்பின்னாக இழுத்துப் போட்டுவிடுகிறது. அதனால் முதலில் வரிசைப்படுத்திக்கொள்கிறேன்.

1. இங்கிலாந்து நிறுவனம் ஒன்று என்னை சுவிற்சர்லாந்தின் பீல் நகரத்துக்கு வேலைக்கு அனுப்பியது.

2. அங்கே என் பிரிவுத் தலைவராக இருந்த ஆங்கிலேயர், வந்த அன்றே இந்தக் கேத்தலைத் தந்தார்.

3. அடுத்த ஆண்டு என் அண்ணை யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அகதியாகப் பதிந்தார். அவரை சோலோதுர்ன் மாநிலத்துக்கு ஒதுக்கினார்கள். விசாரணையில், தன் தங்கச்சி பீலில் வேலை செய்கிறாள் என்று சொன்னார்.

4. அதைச் சரிபார்க்க அதிகாரி எங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தார். எடுத்து ஆங்கிலத்தில் பேசியவர் பிரிவுத் தலைவர். அவளுக்கு அண்ணன் தம்பி யாரும் இல்லை, அவள் ஒற்றைப் பிள்ளை என்றார்.

5. என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை.

6. அண்ணை பொய் சொல்கிறவர் என்று முடிவாயிற்று.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். அப்பா லண்டனில் தபால் பிரிக்கும் வேலையில் இருந்தார். எனக்குப் பத்து வயதானபோது அம்மாவும் நானும் அவரிடம் போய்ச் சேர்ந்தோம். அங்கே படித்து, பிரிட்டிஷ் பிரஜையாகி, அளவைக் கருவிகள் பற்றிய தொழில்நுட்பப் படிப்பை முடித்து, இயந்திரப் பாகங்கள் செய்யும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தேன். எண்பதுகளின் நடுவில் அந்த நிறுவனம் பீலில் இருந்த ஒரு தொழிற்சாலையோடு சேர்ந்து வேலை செய்யத் தொடங்கியது. இங்கிலாந்து வரைபடங்கள் அங்குலத்தில் இருக்கும். பீல்காரர்கள் மில்லிமீட்டரைத் தவிர எதையும் தொடமாட்டார்கள். ஒன்றை மற்றதாக மாற்றுவதும், செய்து வந்த பாகத்தை அளந்து பார்ப்பதும் என் வேலை. பிரிவுத் தலைவர் எனக்கு முதல் நாள் சொல்லித் தந்தது ஒரே ஒரு வாக்கியம்: "எண்ணைப் பார்க்காதே, முதலில் அலகைக் கேள்." பட்டறையில் யார் ஒரு அளவைச் சொன்னாலும், அங்குலமா மில்லிமீட்டரா என்று கேட்காமல் அவர் பேச்சைத் தொடரமாட்டார். அந்தப் பழக்கத்துக்காக நான் அவரை மதித்தேன்.

அவர் கெட்டவர் அல்ல. இதைச் சொல்லாவிட்டால் என் கோபம் உங்களுக்கு விளங்காது. என்னை அழைத்துப்போக ரயில் நிலையத்துக்கு வந்திருந்தார். மேடையில் என்னைத் தாண்டி இரண்டு முறை நடந்து போய், ஓர் ஆங்கிலப் பெண்ணைத் தேடினார். கடைசியில் நானே போய்ப் பெயரைச் சொன்னபோது முகம் சிவந்து, மன்னிப்புக் கேட்டு, என் பாரமான பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டார். வீட்டு வாசலில் ஒரு அட்டைப் பெட்டியைக் கையில் தந்தார். உள்ளே தேயிலை, தோடம்பழ ஜாம், இந்தக் கேத்தல், அதற்கு ஒரு அடாப்டர். இங்கிலாந்திலிருந்து வரும் எல்லோரும் இப்படித்தான் தொடங்குவார்கள் என்றார். ஞாயிற்றுக்கிழமை உடுப்புத் தோய்க்காதே, பக்கத்து வீட்டார் முறையிடுவார்கள் என்றும் எச்சரித்தார். எவராவது சுவிஸ்காரர் என்னைப் பார்த்து "உண்மையில் எந்த நாடு?" என்று கேட்டால், நான் வாய் திறக்கும் முன் "லண்டன்" என்று அவரே பதில் சொல்லுவார். அப்போது எனக்கு அது பாதுகாப்பாகப் பட்டது. என் வாயால் சொல்லவேண்டியதை இன்னொருவர் சொல்கிறார் என்று அப்போது தோன்றவில்லை.

தன்னையும், இங்கிலாந்திலிருந்து வேலைக்கு வந்த எங்களையும் அவர் "எக்ஸ்பாட்ரியட்", அதாவது வெளிநாட்டில் வேலை பார்ப்பவர், என்று அழைப்பார். பீலில் பாதிப் பேர் ஜெர்மன் பேசுவார்கள், பாதிப் பேர் பிரெஞ்சு. அப்படிப்பட்ட ஊரில் பல ஆண்டுகள் வாழ்ந்தும் இரண்டையும் பேசாமல் இருக்கத் தனித் திறமை வேண்டும். அது அவருக்கு இருந்தது. பேக்கரியில் விரலால் காட்டி வாங்குவார். ஒருவரும் அவரைப் பார்த்து, இவர் இந்த நாட்டோடு ஒட்டமாட்டார் என்று சொன்னதில்லை. எங்கள் தமிழ் ஆட்களைப் பற்றி அப்படிச் சொல்லாத நாள் இல்லை. பாணுக்கு வரிசையில் நிற்கும்போதே காதில் விழும்.

அந்தச் சொல்லை அம்மாவுக்குத் தொலைபேசியில் விளக்கியது நினைவிருக்கிறது.

"நீ அங்கை என்னவாய்ப் பதிஞ்சிருக்கிறாய்? அகதியாயோ?"

"இல்லையம்மா. எக்ஸ்பாட்ரியட்."

"அது என்ன வருத்தம் பிள்ளை? மருந்து இருக்கோ?"

அண்ணை என்று நான் சொல்வது என் பெரியப்பாவின் மகனை. ஒரே வளவுக்குள் இரண்டு வீடு. எனக்குப் பத்து வயதாகும் வரை எந்த வீட்டில் சாப்பிட்டேன் என்று யாரும் கணக்கு வைத்ததில்லை. அவருக்கு ஒரு சைக்கிள் திருத்தும் கடை இருந்தது. கடையை எரித்தார்கள். பிறகு இராணுவம் அவரைப் பிடித்துக்கொண்டுபோய் முகாமில் வைத்திருந்தது. வெளியே வந்ததும் பெரியப்பா காணியை விற்று அனுப்பினார். சோலோதுர்னில் ஒரு உணவகத்தின் பின்கட்டில் பாத்திரம் கழுவும் வேலை கிடைத்தது. அங்கிருந்து பீலுக்கு ரயிலில் அரை மணிகூட இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதாவது ஒரு கறியைச் சமைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வருவார்.

அப்படி ஒரு ஞாயிறுதான் இந்தப் பிளக்கை மாற்றினேன். இங்கிலாந்துப் பிளக் தடித்தது, உள்ளே பியூஸ் உள்ளது. அடாப்டரோடு சேர்த்துச் செருகினால் பாரத்தில் சுவரை விட்டுக் கழன்று விழும். எத்தனை நாள்தான் ஒரு கையால் பிளக்கைப் பிடித்துக்கொண்டு தேத்தண்ணி வைப்பது?

"லண்டன் எஞ்சினியருக்குப் பிளக் மாத்தத் தெரியுமோ? வீட்டை எரிச்சுப் போடாதை தங்கச்சி. அகதியாய் அசூல் அடிச்ச நாட்டிலை எனக்கு வந்திருக்க வேறை வீடில்லை."

"கதைக்காமல் வயரைப் பிடியுங்கோ அண்ணை."

"உங்கட துரைக்குத் தெரிஞ்சால் என்ன செய்வாய்? இங்கிலீஷ் பிளக்கைக் கழட்டினதுக்கு உன்னையும் பிளேன் ஏத்திப் போடுவாங்கள்."

கழற்றிய பிளக்கை நான் எறியவில்லை. திரும்பப் பயன்படும் எதையும் எறிய எனக்கு மனம் வராது. மேசை லாச்சிக்குள் போட்டேன். 240 வோல்ட்டுக்குச் செய்த கேத்தல் இங்குள்ள 220இல் மெதுவாகக் கொதித்தது. அண்ணை அதையும் விடவில்லை: "இதுக்கும் இன்னும் பெர்மிட் வரேல்லைப் போலை."

அன்று மாலை அவரை ரயில் ஏற்றப் போனேன். மேடையில் பொலிஸ்காரர் இருவர் எங்களை நிறுத்தினார்கள். என் கடவுச்சீட்டைத் திறந்தவர் உடனே மூடி, மன்னிப்புக் கேட்டுத் திருப்பித் தந்தார். அண்ணையின் பையை அங்கிருந்த மர வாங்கின் மேல் கொட்டினார்கள். வெறும் கறிச்சட்டி உருண்டு கீழே விழுந்தது. ஒரே மேடை, ஒரே முகவெட்டு; பேரன் பேத்தி என்று எங்கள் இருவரையும் மடியில் வைத்தவர் ஒரே மனிதர். எங்கள் மூக்குகூட அவருடைய மூக்குத்தான். அண்ணை சட்டியை எடுத்துத் துடைத்துவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிக்க வரவில்லை.

விசாரணை முடிந்து வந்தபோதும் அவர் உற்சாகமாகத்தான் இருந்தார். "இந்த நாட்டிலை சொந்தக்காரர் ஆரும் இருக்கினமோ எண்டு கேட்டாங்கள். தங்கச்சி ஒராள் இருக்கிறா, பீலிலை பெரிய எஞ்சினியர் எண்டு சொன்னனான். அப்பதான் அந்த மனுசன் எழுதிறதை விட்டிட்டு நிமிர்ந்து பாத்தது." அதனால் ஏதாவது சலுகை கிடைக்கும் என்று அவர் சொல்லவில்லை. முகாமில் நடந்ததை அந்நியர் முன்னால் காலையிலிருந்து சொல்லிக் களைத்த ஒருவருக்கு, பெருமையாகச் சொல்ல அந்த ஒன்றுதான் இருந்தது.

சில மாதங்களுக்குப் பிறகு தொலைபேசி வந்தது.

"தங்கச்சி, எனக்கு நெகட்டிவ் வந்திட்டுது, கேஸை நிராகரிச்சிட்டாங்கள். நான் பொய் சொன்னனாம்."

"என்ன பொய்?"

"நீ எனக்குத் தங்கச்சி இல்லையாம்."

"ஆர் சொன்னது?"

"நீ வேலை செய்யிற கந்தோராம்."

நெருங்கிய குடும்பத்தைப் பற்றியே உண்மை சொல்லாதவரின் மற்ற வாக்குமூலங்களையும் நம்ப முடியாது என்று முடிவில் எழுதியிருந்தார்கள். எரிந்த கடை, முகாம், முதுகில் இருந்த தழும்பு எல்லாம் அந்த ஒரு சொல்லோடு சேர்ந்து போயின. அவரைத் திருப்பி அனுப்பினால் கொழும்பு விமான நிலையத்தில் யார் காத்திருப்பார்கள் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

விசாரணையில் இருந்த மொழிபெயர்ப்பாளரில் பிழை இல்லை. தங்கச்சி என்றதைத் தங்கச்சி என்றே ஜெர்மனில் சொல்லியிருக்கிறார். பெரியப்பா மகன் எங்களுக்கு அண்ணன். மாமா மகன் மச்சான்; மச்சானைக் கலியாணம் கட்டலாம். அண்ணனைக் கட்டுவதை நினைத்தாலே ஊர் காறித் துப்பும். ஆங்கிலத்தில் இருவருக்கும் ஒரே பெயர், கசின். எனக்கு மாப்பிள்ளையாக வரக்கூடியவரையும், எனக்கு மாப்பிள்ளை தேடிப் போகவேண்டியவரையும் பிரித்துச் சொல்லத் தெரியாத ஒரு சொல்லை அளவுகோலாக வைத்து, அண்ணையைப் பொய்யர் என்று அளந்திருக்கிறார்கள்.

மறுநாள் காலை நேரே பிரிவுத் தலைவரின் அறைக்குப் போனேன். விஷயத்தைச் சொல்லத் தொடங்கியதுமே அவர் முகம் மலர்ந்தது. அதை அவர் எனக்குச் செய்த உதவியாக நினைவு வைத்திருந்தார். "ஓ, அந்த ஆளா? யாரோ உன் அண்ணன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். உன்னைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று நானே முடித்துவிட்டேன்."

அவர் என் பெரியப்பா மகன் என்றேன்.

"அப்படியென்றால் கசின்தானே?"

"உங்கள் மொழியில்."

"அப்படியானால் நான் சொன்னது உண்மைதானே?"

என் குரல் உயரவில்லை. அது எனக்கு இன்றும் ஆச்சரியம். மூன்று விஷயங்கள் கேட்டேன். அந்த அதிகாரியைத் திரும்ப அழைத்து, என்னைக் கேட்காமல் பதில் சொன்னதாகச் சொல்வீர்களா? தமிழ் முறை உங்களுக்குத் தெரியாது என்று சொல்வீர்களா? என்னிடமே கேட்கச் சொல்வீர்களா? அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இப்படிப்பட்ட விவகாரங்களில் நிறுவனம் தலையிடாது என்றார். பிறகு, உண்மையான அக்கறையோடு, "உன் நன்மைக்காகச் சொல்கிறேன், நீயும் விலகியே இரு. உன்னையும் அவர்களில் ஒருத்தி என்று நினைத்துவிடுவார்கள்" என்றார்.

"முதலில் அலகைக் கேள் என்று நீங்கள்தான் சொல்லித் தந்தீர்கள்" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. வரைபடத்தில் ஏதாவது பிழையா என்று கேட்டார்.

ஒரு பித்தளைத் துண்டுக்கு அவர் காட்டிய கவனத்தை என் அண்ணைக்குக் காட்டவில்லை. என் கோபம் இதுதான். அறியாமல் செய்ததை நான் மன்னித்திருப்பேன். அறிந்த பிறகும் ஒரு தொலைபேசியை எடுக்க மறுத்ததை மன்னிக்கவில்லை.

லீவு எடுத்துக்கொண்டு நானே சோலோதுர்னுக்குப் போனேன். அந்த அதிகாரி மரியாதையாக நாற்காலி காட்டினார்; பிரிட்டிஷ் கடவுச்சீட்டுக்கு எங்கும் நாற்காலி உண்டு. அண்ணன், மச்சான் வித்தியாசத்தை எனக்குத் தெரிந்த ஜெர்மனில் விளக்கினேன். கவனமாகக் கேட்டார். தலையாட்டினார். "இன்டரெஸ்ஸான்ட்", சுவாரசியம், என்றார். எழுதுவதற்காகப் பேனாவைத் தொடவே இல்லை. மேன்முறையீட்டில் சொல்லுங்கள் என்று கதவு வரை வந்து வழியனுப்பினார். ஒரு உதவிச் சங்கத்தின் வழக்கறிஞர் மேன்முறையீடு செய்தார். அம்மாவும் நானும் உறவுமுறையைச் சத்தியம் செய்து எழுதிக் கொடுத்தோம்.

அதன்பின் பிரிவுத் தலைவரும் நானும் அளவுகளைத் தவிர எதையும் பேசியதில்லை. அவர் என்னில் வருத்தப்பட்டிருக்கலாம். ஒரு நாள், இங்கிலாந்திலிருந்து புதிதாக ஒரு இளைஞர் வருகிறார், வரவேற்புப் பெட்டிக்குக் கேத்தல் வேண்டும், அது புதிதாக வருகிறவர்களுக்குச் சுற்றில் போகும் பொருள் என்றார். பிளக்கை மாற்றிவிட்டேன் என்றேன். பழையதைத் திரும்பப் பூட்டலாமே என்றார். மறுநாள் லாச்சியிலிருந்த இங்கிலாந்துப் பிளக்கைக் கொண்டுபோய் அவருடைய மேசையில் வைத்தேன்.

"கேத்தல்?" என்றார்.

"உங்களுடையது இதுதான்" என்றேன்.

போன ஆண்டு அவர் ஓய்வு பெற்றுத் தன் நாட்டுக்குத் திரும்பினார். ஒரு எக்ஸ்பாட்ரியட்டுக்குத் திரும்பிப் போவதென்றால் கேக் வெட்டி, கை தட்டி, ரயிலடியில் பூங்கொத்துக் கொடுப்பது. நான் பட்டறையில் அளந்துகொண்டிருந்தேன்.

எண்பதுகள் முடியப்போகும் இன்றைய நிலை இது. மேன்முறையீட்டுக்குப் பதில் வரவில்லை. அண்ணை சோலோதுர்னில் பாத்திரம் கழுவுகிறார். தபால்காரர் மணி அடித்தால் கையைத் துடைக்காமலே ஓடுகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறார். கேத்தல் என்னிடம் இருக்கிறது. யாராவது தொலைபேசியில் எனக்கு அண்ணன் தம்பி உண்டா என்று கேட்டால் பதில் சொல்ல நான் இங்கேதான் இருக்கிறேன். இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.