ஒயரக்கா கையெழுத்துப் போடவில்லை

அப்பா அம்மா வைத்த பெயர் அவளுக்கு ஒன்று உண்டு. அது சம்பளப் பட்டியலைத் தாண்டி வெளியே வந்ததே இல்லை. ஊருக்கெல்லாம் அவள் ஒயரக்கா. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடு போட்டுவிட்டு, பன்னிரண்டு வருடம் மொட்டைமாடி மொட்டைமாடியாக ஏறி டிவி கேபிள் இழுத்தவள். அவள் இழுத்த ஒயரை மொத்தமாக நீட்டினால் நிலாவில் கொடி கட்டித் துணி காயப் போடலாம்.

சமுதாயக் கல்லூரியில் கம்ப்யூட்டர் அறை உதவியாளராக வேலை கிடைத்த அன்று வீட்டுக்காரர் கிண்டலடித்தார்.

"படிக்க அனுப்பினப்ப ஓடி வந்தவ, இப்ப காலேஜுக்குக் கெளம்பிட்டியா?"

"நான் போனாத்தான்யா அங்க வெளக்கே எரியும்!"

அந்த அறையில் எட்டு கம்ப்யூட்டர்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு வரலாற்று வகுப்பு. மாணவர்கள் நாற்பத்தொரு பேரும் வேலைக்குப் போகிறவர்கள்: பஸ் டிரைவர், நர்ஸம்மா, கறிக்கடைக்காரர், இப்படி. ஒரு கம்ப்யூட்டருக்கு ஐந்து பேர் ஈ மொய்ப்பதுபோல் மொய்த்துக்கொள்வார்கள். வாத்தியாருக்கு முந்நூறு வருடத்துத் தேதிகள் தலைகீழ்ப் பாடம்; மவுஸைத் தொடச் சொன்னால் மட்டும் பாம்பைத் தொடச் சொன்னதுபோல் நெளிவார். ஒயரக்காதான் அவர் கையைப் பழக்கினாள்.

ஊரில் ஒரு பெரிய சாலை உண்டு. அதைப் போடும் முன் அங்கே இருந்தது காலி இடம் என்று ஆபீஸ் காகிதமும் ஊர் வரலாற்றுப் புத்தகமும் சொல்லும். காலியாவது மண்ணாவது! நூற்றிருபது வீடு இருந்த தெரு அது. அங்கே வாழ்ந்தவர்களைத் தேடிப் பிடித்துப் பேச வைத்து, பதிவு செய்து, கம்ப்யூட்டரில் தெருவையே வரைந்து, வீட்டுக்கு வீடு அந்தக் குரலை ஒட்டிக்கொண்டிருந்தது வகுப்பு. திரையில் ஒரு வீட்டைத் தொட்டால், "இங்கதான் எங்க மாமாவோட சைக்கிள் கடை" என்று ஒரு கிழவர் இருமிக்கொண்டே சொல்வார். அறுபத்திரண்டு வீடு முடிந்திருந்தது.

அப்போதுதான் ஒரு மத்தியானம், வகுப்பு கூடுகிற நேரத்தில், சிஸ்டம் சார் வந்தார். கல்லூரியின் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் அவர்தான் ராஜா. கையில் காகிதம், பின்னால் தள்ளுவண்டியோடு இரண்டு ஆட்கள்.

"ஏம்மா, இந்த எட்டையும் கணக்கு வகுப்புக்கு எடுத்துட்டுப் போறோம். இதுல ஒரு கையெழுத்துப் போடு."

"எதுக்கு சார்?"

"முப்பது பேருக்குக் கம்மியா பயன்படுத்துற ரூம்ல கம்ப்யூட்டர் வெக்கக்கூடாது. ரெக்கார்டு பாத்தேன். இந்த ரூமைப் பயன்படுத்துறது ஒரே ஒரு ஆள்தான்."

"யாரு சார் அந்தப் புண்ணியவான்?"

"நீதாம்மா! எட்டு கம்ப்யூட்டர்லயும் ஒரே நேரத்துல உக்காந்திருக்க."

வகுப்பே சிரித்தது. ஒயரக்கா சிரிக்கவில்லை.

"எனக்கென்ன சார் எட்டு முதுகா இருக்கு? நாப்பத்தொரு பேருக்கும் கம்ப்யூட்டர்ல தனித்தனியா பேர் போட்டுக் கணக்குத் திறந்து குடுங்கன்னு நாலு மாசம் முன்னாடியே எழுதி அனுப்பினேன். நீங்க சரின்னு ஒரு பட்டனை அமுக்கணும். அமுக்கினீங்களா? அதான் எல்லாரும் என் பேர்ல உள்ள போறாங்க."

சிஸ்டம் சார் கழுத்துப் பட்டனைத் தளர்த்திக்கொண்டார்.

"வரலாறு படிக்கிறவங்களுக்கு இதெல்லாம் எதுக்கும்மா? புத்தகம் போதாதா?"

"புத்தகத்துல காலி இடம்னுதானே சார் போட்டிருக்கு!" என்று ஒரு குரல் குறுக்கே பாய்ந்தது. யாரென்று பார்த்தால் வாத்தியார். அவருக்கே ஆச்சரியம், தனக்கு இவ்வளவு பெரிய தொண்டையா என்று.

"கையெழுத்துப் போடலைன்னா மேல எழுதுவேம்மா."

"எழுதுங்க சார். நாலு மாசமா நீங்க தூங்கினதையும் சேத்து எழுதுங்க. விட்டுப் போச்சுன்னா நான் எழுதிக்கிறேன்." அவர் நீட்டியிருந்த பேனாவை அவர் பையிலேயே திருப்பிச் செருகினாள். "இல்லன்னா இப்பவே உக்காந்து அமுக்குங்க. ஆளுங்க எல்லாம் எதிர்லதான் நிக்கிறாங்க. எண்ணிப் பாத்துக்குங்க."

தள்ளுவண்டிக்காரர்களில் ஒருவர் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டார், இது இப்போதைக்கு முடியாது என்று.

சிஸ்டம் சார் முதல் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தார். நர்ஸம்மா பெயர் சொன்னார், சார் அமுக்கினார். பஸ் டிரைவர் சொன்னார், அமுக்கினார். கம்ப்யூட்டரோ ஒவ்வொரு பெயருக்கும் ஆமை பிரசவிக்கிற வேகத்தில் யோசித்தது. முப்பதாவது பெயர் ஏறியதும் சார் எழுந்துவிட்டார்.

"போதும்மா. முப்பது வந்தாச்சு. கம்ப்யூட்டர் இங்கேயே இருக்கட்டும்."

ஒயரக்கா போய் வாசலை மறித்து நின்றாள்.

"மிச்சம் பதினொண்ணும் ஆளுங்கதான் சார். உக்காருங்க."

உட்கார்ந்தார். தள்ளுவண்டி காலியாகத் திரும்பிப் போனது. கடைசிப் பெயர் கறிக்கடைக்காரருடையது. அதையும் அமுக்கிவிட்டு, சார் விரலை உதறிக்கொண்டே திரையைப் பார்த்தார். அங்கே பாதித் தெரு நின்றது.

"இதுல எந்த வீடு யாரோடதும்மா?"

"அதெல்லாம் வாத்தியார் சொல்வாரு. முதல்ல எந்திரிங்க சார்," என்றார் கறிக்கடைக்காரர். "அது என் எடம். இன்னும் அம்பத்தெட்டு வீடு பாக்கி."

சார் எழுந்து சுவரோரமாகப் போய் நின்றுகொண்டார். வாத்தியார் வகுப்பை ஆரம்பித்தார்.