ரிவர்ஸ் கியர் எங்கே இருக்கிறது?

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு காரின் வயிற்றுக்குள் எட்டிப் பார்த்தேன். பேனா பிடிக்கிற விரலில் இன்னும் கிரீஸ் வாடை போகவில்லை... பொறுத்துக்கொள்ளுங்கள்.

கார் என்னுடையதல்ல. பக்கத்து வீட்டு தாஸின் பழைய டாக்ஸி. மூன்றாவது கியர் போட்டால் நிற்காது. ‘டக்’கென்று நழுவி நியூட்ரலுக்கு வந்துவிடும். முன்சீட்டில் யார் உட்கார்ந்தாலும் தாஸ் பணிவாகச் சொல்வார்: “சார், அந்தக் கியரைக் கொஞ்சம் அழுத்திப் புடிச்சிக்கோங்க.”

கல்யாண வீட்டுப் பெரியவர் ஒருவர் வாலாஜாபாத் வரை பிடித்துக்கொண்டே போயிருக்கிறார். இறங்கும்போது, “நானே ஓட்டிக்கினு வந்த மாதிரி இருக்குதுப்பா” என்றாராம். அப்புறம் அந்த வீட்டிலிருந்து சவாரி வருமா?

தாஸின் மனைவி எஸ்தர், வண்டியை விற்றுவிடச் சொன்னார். விற்றால் தாஸ் யாருடைய லாரியிலாவது ஏறி பம்பாய், கல்கத்தா என்று போக வேண்டும். எப்போது வீடு திரும்புவார் என்று யாருக்கும் தெரியாது. அதில் இருவருக்குமே இஷ்டமில்லை.

கடைசி முயற்சியாக, மெட்ராஸ் புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளில் வேறொரு பழைய கியர் பாக்ஸைத் தேடிப் பிடித்து, பஸ் கூரையில் ஏற்றிக் கொண்டுவந்தார் தாஸ். வீட்டுக் கொல்லையிலேயே மாட்டிவிடுவதாக ஏற்பாடு. எனக்கு என்ன வேலை அங்கே? வேடிக்கைதான்!

காரை ஜாக்கியில் தூக்கி, தடித்த மரக்கட்டைகளின் மேல் நிறுத்தினார். கியர் ஆயிலை வடித்தபோது அதில் பொடிப்பொடியாக ஏதோ மின்னியது.

“சரிகையைக் கரைச்சு ஊத்தின மாதிரி இருக்குதே!” என்றார் எஸ்தர்.

“அத்தனையும் உள்ளே தேஞ்ச பித்தளை, எஸ்தரு.”

போல்ட்டுகளைக் கழற்றியதும் பழைய பாக்ஸ் சாதுவாக இறங்கிவிட்டது. கையோடு கிளட்சையும் கழற்றித் துடைத்து மாட்டினார் தாஸ். புதிதாக வந்ததுதான் அடம்பிடித்தது. அதன் மூக்கில் நீட்டிக்கொண்டிருக்கும் தண்டு, கிளட்ச் தட்டின் ஓட்டைக்குள் நுழைய வேண்டும். நுழையவே இல்லை. தாஸ் காருக்கடியில் மல்லாந்து கிடக்கிறார். நெஞ்சின் மேல் கியர் பாக்ஸ்.

“சார்... ஒரு கை...”

குனிந்தேன். நுழையத்தான் பார்த்தேன். என் தொப்பை இடம் கொடுக்கவில்லை.

எஸ்தர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சரசரவென்று உள்ளே ஊர்ந்து போனார். பாரத்தை இரண்டு கைகளாலும் தாங்கிக்கொண்டார்.

பிறகு எஸ்தரின் குரல்: “ஏங்க, மேலே பாருங்க. அந்தத் தட்டு நடுவுல இல்லையே... ஓட்டை ஒரு பக்கமா ஒதுங்கிக்கினு இருக்குது.”

“அட ஆமா! அப்புறம் எப்படி உள்ளே போவும்?”

பாக்ஸை மெல்லத் தரையில் இறக்கினார்கள். தாஸ் ஒரு குச்சியைச் சீவினார்; எஸ்தர் அதன்மேல் காகிதம் சுற்றி, ஓட்டைக்குச் சரியான கனமாக்கினார். கிளட்ச் போல்ட்டுகளைத் தளர்த்தி, குச்சியை நுழைத்துத் தட்டை நடுவுக்குக் கொண்டுவந்து, மறுபடி இறுக்கினார்கள். பிறகு இருவரும் சேர்ந்து பாக்ஸைத் தூக்கித் தள்ள...

“போயிடுச்சு!” காருக்கடியிலிருந்து இரண்டு குரல்கள் ஒன்றாக வந்தன.

சாயங்காலம் ஏனாத்தூர் ரோட்டில் வெள்ளோட்டம். மூன்றாவது கியர் விழுந்தது. மூன்று பேரும் கியர்க் கம்பியையே பார்த்தோம்.

“ஏங்க, நீங்க ரோட்டைப் பாருங்க!” என்று அலறினார் எஸ்தர்.

நழுவவில்லை. நின்றது.

“அப்போ லாரி?” என்றேன்.

“லாரியாவது ஒண்ணாவது!” என்றார் தாஸ்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். எஸ்தர் விடவில்லை. வீட்டுக்கு வந்ததும் பழைய பாக்ஸின் மூடியைத் திறக்கச் சொன்னார். “என்ஜின் எப்பவும் ஒரே பக்கமாத்தானே சுத்துது? அப்புறம் வண்டி எப்படிப் பின்னால போவுது?”

தாஸ் ஸ்பானரால் மூடியைக் கழற்றினார்.

மூன்று தலைகளும் பாக்ஸின் மேல் கவிழ்ந்தன. கையாலேயே சுற்றிச் சுற்றிப் பார்த்ததில் பிடிபட்டது. ஓரத்தில் தனியாக ஒரு குட்டிப் பல்சக்கரம். ரிவர்ஸ் போட்டால், இரண்டு சக்கரங்களுக்கு நடுவே அதுவும் சேர்ந்துகொள்கிறது. அவ்வளவுதான் — வெளியே போகிற தண்டு எதிர்ப்பக்கமாகச் சுற்றுகிறது! எஸ்தர் அதைத் திரும்பத் திரும்பச் சுற்றிப் பார்த்துச் சிரித்தார்.

பின்னால் போவதற்கென்றே கூடுதலாக ஒரு சக்கரம்! காரைச் செய்தவன் மறக்காமல் வைத்திருக்கிறான்.

மனிதர்களைச் செய்தவன்தான், பிடித்த பிடியை விடாத சிலருக்கு அதை மாட்ட மறந்துவிட்டான்.