மார்த்தாவுக்காக மூன்று வெள்ளிக்கிழமை

ஜெபகனி என்ற பெயரை நான் முதலில் கேட்டது 2005-ல், என் நாத்தனார் செல்லம்மாள் வாயால். என் மகன் இன்பராஜுக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தோம். பக்கத்துத் தெருவிலிருந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்தாள்.

“பொண்ணு பேரு ஜெபகனி. ஷூ கம்பெனியில தையல் மிஷின் ஓட்றா. தங்கமான பொண்ணு. ஆனா அண்ணி, பத்தாவதுல இங்கிலீஷ் ரெண்டு வாட்டி போச்சு. அப்படியும் கையில எந்நேரமும் இங்கிலீஷ் புக்கு!”

“ஃபெயிலானவளுக்கு இங்கிலீஷ் புக்கு இன்னாத்துக்கு?” என்றேன்.

அவள் மருமகளாக வந்த பிறகுதான் விளங்கியது. பெட்டியில் புடவைகளுக்கு அடியில் இரண்டு தடித்த புத்தகங்கள். ஜான் பாஷாவின் பழைய பேப்பர் கடையில் கிடைத்தவை. கதை மொத்தம் மூன்று பாகமாம். வருங்காலத்தில் ஒரு ஊர், சுற்றிலும் மதில். பதினாலு வயதானால் பிள்ளைகளின் பெயரைப் பிடுங்கிக்கொண்டு நம்பர் கொடுத்துவிடுவார்கள். பெற்ற தாயும் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. மார்த்தா என்ற பெண் மட்டும் பெயரைத் தர மாட்டேன் என்று ஓடுகிறாள்.

ஜெபகனி அதைப் படித்த விதத்தைச் சொல்ல வேண்டும். கம்பெனியில் சாப்பாட்டு நேரம் அரை மணி. பத்து நிமிஷத்தில் சாப்பிட்டு முடித்து, மீதியில் ஒரு பக்கம் படிப்பாள். தெரியாத வார்த்தையை, தோலுக்குக் குறி போடும் வெள்ளி நிற மைப் பேனாவால் கழிவுத் தோல் துண்டில் எழுதிவந்து, வீட்டில் டிக்‌ஷனரி பார்ப்பாள். துண்டுகள் ஒரு பை நிறையச் சேர்ந்தன. டோக்கன் நம்பர் சொல்லி ஆளைக் கூப்பிடும் கம்பெனி அது. பக்கத்து மிஷின் பெண்களுக்கு இவள் இந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்த பிறகு, அவர்களுக்கு நம்பர் சொன்னால் காது கேட்காதாம்; பெயர் சொன்னால்தான் திரும்புவார்களாம்.

இரண்டாம் பாகத்தின் கடைசியில் மார்த்தாவைப் பிடித்து அடைத்துவிட்டார்கள். மூன்றாம் பாகம் ஜான் பாஷாவிடம் இல்லை. “கெடைச்சா உனக்குத்தாம்மா, பேஜார் பண்ணாத” என்று சொல்லிவிட்டார். ஜெபகனிக்குச் சோறு இறங்கவில்லை.

“இன்னா அண்ணி, மருமக இளைச்சிட்டா?” என்றாள் செல்லம்மாள்.

“மார்த்தாவ அடைச்சி வச்சிட்டாங்களாம். அதே கவலை” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

செல்லம்மாள் அதை வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக் கூட்டத்தில் விண்ணப்பமாகக் கொடுத்துவிட்டாள். எனக்குக் கால் வீக்கம், ஜெபகனிக்கு ஓவர்டைம், நாங்கள் போகவில்லை. மூன்று வெள்ளிக்கிழமை, முப்பது பேர் மார்த்தாவின் விடுதலைக்காக முழங்காலில் நின்று அழுதிருக்கிறார்கள். நான்காவது வெள்ளி நாங்கள் போய் உட்கார்ந்ததும் சபைச் செயலாளர் நத்தானியேல் ஜெபகனியிடம் ஒரு காகிதத்தை நீட்டினார்.

“மார்த்தா எந்தக் கம்பெனி ஹாஸ்டல்ல இருக்காம்மா? போலீசுக்கு மனு எழுதிட்டேன். அட்ரஸ் மட்டும் சொல்லு.”

ஜெபகனி எதையாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். எழுந்து நின்றாள்.

“ஐயா, மார்த்தா கதைப் புக்குல வர்ற பொண்ணு.”

“கதைக்கா மூணு வாரம் முட்டி தேய ஜெபம் பண்ணோம்? அந்தப் புக்க அடுப்புல போடு. இனிமே தொடமாட்டேன்னு இங்கியே சொல்லு!”

“சொல்லிட்டு உக்காரு ஜெபா” என்று இன்பராஜ் முணுமுணுத்தான்.

“தப்புதான், மன்னிச்சிடுங்கய்யா. ஆனா அப்படிச் சொல்ல முடியாது. அவ இன்னும் உள்ளதான் இருக்கா. வெளிய வர்றாளான்னு தெரியாம நான் விடமாட்டேன்.”

பாஸ்டர் சம்சாரம் இவாஞ்சலின் மெல்லக் கேட்டார்: “மூணாவது பாகம் கெடைக்கலியா?”

“இல்லம்மா.”

“சென்னையில எங்க அக்காகிட்ட சொல்றேன். இவ்ளோ ஜெபம் பண்ணிட்டு முடிவு தெரியலன்னா எப்படி?”

“அதான! என் முட்டி வலிக்கு யாரு பதில் சொல்றது?” என்றாள் செல்லம்மாள். கூட்டமே சிரித்தது.

புத்தகம் வந்தது. வெள்ளிதோறும் ஜெபம் முடிந்ததும், அந்த வாரம் படித்தவரை ஜெபகனி தமிழில் சொல்வாள். மார்த்தா தன் பெயரோடு மதிலுக்கு வெளியே வந்த அன்று முதலில் “ஸ்தோத்திரம்” சொன்னவர் நத்தானியேல். அந்த வருஷமே ஜெபகனி பத்தாவது இங்கிலீஷ் பரீட்சையை மறுபடி எழுதி ஐம்பத்தொன்று வாங்கினாள்.

இப்போது அவள் ராணிப்பேட்டையில், ஒரு ஷூ கம்பெனி ஆபீஸில், வெளிநாட்டுக்கு இங்கிலீஷில் லெட்டர் எழுதும் வேலையில் இருக்கிறாள்.