பெடல் மிதிக்க ஆள் வேண்டாம்

“நான் சொல்லப்போறது அத்தனையும் சத்தியமா நடந்தது” என்று ஆரம்பித்தார் போர்டு பெயிண்டர். தொடை வரை மாவுக்கட்டு போட்ட வலது காலைக் காலி பெயிண்ட் டின் மேல் தூக்கி வைத்துக்கொண்டு, எதிரே நின்ற இருவரையும் ஒரு பார்வை பார்த்தார். “நடுநடுவுல ஒரு கோட்டிங் அடிச்சிருப்பேன். தொழில் அப்படி. யாரும் சுரண்டிப் பார்க்காதீங்க.”

திங்கட்கிழமை காலை ஆறே முக்கால். வீட்டை ஒட்டிய கார் ஷெட். ஷெட்டின் வாசலைத் தாண்டினால் தெரு நேராகக் கீழே விழுகிறது. பெயிண்டர் கணக்குப்படி, மேலே இருந்து ஒரு பந்தை உருட்டிவிட்டால் கீழே மெயின் ரோட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் அது கோலிக்குண்டாகத் தேய்ந்திருக்கும்.

எதிரே நின்ற இருவரில் ஒருவர் அவர் மனைவியின் தம்பி; லாரி ஓட்டுகிறவர். மற்றவர் பக்கத்து வீட்டு பேங்க்காரர். இருவரும் கதை கேட்க வரவில்லை. பெயிண்டரின் மனைவி காரை எடுக்காமல் தடுத்து நிறுத்த வந்திருந்தார்கள்.

அந்த அம்மாள் காரின் பின்சக்கரத்தருகே குந்தி உட்கார்ந்து நட்டுகளை ஒவ்வொன்றாக முறுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். வீடு வீடாகப் போய் ஊசி போடுவது, புண்ணுக்குக் கட்டு மாற்றுவது, டியூப் மாற்றுவது அவர் வேலை. தெருவே அவரை சிஸ்டர் என்கிறது. வீட்டுக்காரரும் அப்படித்தான் கூப்பிடுகிறார். படுக்கையை விட்டு எழுந்திருக்க முடியாத பன்னிரண்டு பேர் அவருக்காகக் காத்திருக்கிறார்கள். முதல் ஊசி ஏழரைக்கு.

“அக்கா, ஒரு வாரம் வொர்க்‌ஷாப்புல விட்டுடு. வீட்டுல கைவைத்தியம் பார்த்த பிரேக்கை நம்பி இந்த இறக்கத்துல இறங்குவியா?” என்றார் தம்பி.

சிஸ்டர் திரும்பவில்லை. “ஒரு வாரம் லீவு போட்டுக்கோன்னு புண்ணுகிட்ட நீயே போய்ச் சொல்லிட்டு வா.”

“அதான் நான் சொல்றேன், கேளு மாப்ள” என்றார் பெயிண்டர். “கேட்டுட்டு அப்புறம் உன் அக்காவைத் தடு. முடிஞ்சா.”

சனிக்கிழமை காலையில் முன்சக்கரத்து பிரேக் குழாய் வெடிப்பு விட்டிருப்பதைப் பார்த்து, சிஸ்டரே புதுக் குழாய் மாட்டினார். குழாயைக் கழற்றினால் உள்ளே காற்று புகுந்துவிடும். எண்ணெய் நிற்க வேண்டிய இடத்தில் காற்று நின்றால் மிதிக்கிற மிதி சக்கரத்துக்குப் போகாது. பெடல் தலையணை மாதிரி அமுங்கித் தரையைத் தொடும். அந்தக் காற்றை எடுக்க வழக்கமாக இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் சக்கரத்தடியில் இருக்கும் சின்ன நிப்பிளைத் திறந்து காற்றை வெளியே விட்டு உடனே மூட வேண்டும். மூடுவதற்குள் மேலே இருப்பவர் காலை எடுத்துவிட்டால் எல்லாம் பாழ். வெளியே போன காற்று இரட்டிப்பாகத் திரும்பி உள்ளே ஏறும்.

ஒன்பது வருஷமாக அந்தக் கால் பெயிண்டருடையது. இந்த மாதம், ஒரு பல் டாக்டர் போர்டில் கடைசிப் பல்லுக்கு வெள்ளை அடிக்கும்போது ஏணி நழுவியதில், கால் மாவுக்குள் போய்விட்டது.

“அதனால நம்ம சாரைக் கூப்பிட்டோம்” என்று பெயிண்டர் பேங்க்காரரைக் காட்டினார். “சார் வந்து உட்கார்ந்தார். பாட்டு ஒண்ணு போட்டுக்கிட்டார். சிஸ்டர் அடியில படுத்துக்கிட்டு மிதிங்கன்னா மிதிச்சார். நிப்பிளைத் திறந்த நேரம் பார்த்து அவருக்கு போன் வந்துச்சு. மேனேஜர். சார் சீட்டுலயே எழுந்து நின்னுட்டார்.”

“எழுந்து நிக்கல. கொஞ்சம் நிமிர்ந்தேன்.”

“தலை கூரையில இடிச்சு இன்னும் அந்த இடம் குழியா இருக்கு. உள்ள போன காத்துல கார் ஒரு அடி உசந்துடுச்சு.”

“ஒரு அடியா?”

“கோட்டிங், சார், கோட்டிங்.”

அடுத்தது தம்பி. லாரிக்காரர். காலில் வலு இருந்தது; பொறுமைதான் இல்லை. மிதித்துப் பிடி என்றால் டம் டம் டம் என்று மிதித்தார். போதாக்குறைக்கு, “காத்து இருந்தா என்னக்கா? என் லாரியில காத்துலதான் பிரேக்கே பிடிக்குது. காத்து இல்லன்னா வண்டியை எடுக்கவே மாட்டேன்” என்று சட்டம் வேறு பேசினார்.

சிஸ்டர் காருக்கு அடியிலிருந்து வெளியே வந்தார். கண்ணாடி முழுக்க பிரேக் எண்ணெய். அதைத் துடைத்து மாட்டிக்கொண்டு சொன்னது ஒரே வாக்கியம்: “இனிமே எனக்கு ஆள் வேண்டாம், சாமான் போதும்.”

கடைக்கு அவர் தனியாகத்தான் போனார். ஆனால் பெயிண்டரும் கூடவே இருந்தார், காதால். போனை இணைப்பிலேயே வைத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு போகச் சொல்லியிருந்தார். கட்டிலில் சாய்ந்து, போனை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு, ரேடியோ நாடகம் கேட்பதுபோல் கேட்டார்.

உதிரி பாகக் கடைக்காரர் முதலில் துப்பாக்கி மாதிரி ஒரு கைப்பம்பை எடுத்து நீட்டினார். “இதை நிப்பிள்ல மாட்டி அழுத்துங்கம்மா. காத்தைச் சும்மா உறிஞ்சி எடுத்துடும். எல்லாரும் இதைத்தான் வாங்குறாங்க.”

“நிப்பிளைத் தளர்த்தினதும் மரை வழியா வெளிக்காத்தும் சேர்ந்து வருமே. வர்ற குமிழி உள்ள இருந்ததா, வெளிய இருந்து வந்ததான்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?”

கைப்பம்பைத் திரும்ப வைக்கும் சத்தம் போனில் கேட்டது. பிறகு கடைக்காரர் அடுத்த சாமானை எடுத்தார். ஒரு ரப்பர் குழாய், அதன் நடுவே ஒருவழி வால்வு. “இதுல எண்ணெய் போகும், காத்து திரும்ப வராது. நீங்களே உட்கார்ந்து மிதிச்சுக்கலாம். விலையும் கம்மி.”

“நான் மேல உட்கார்ந்து மிதிச்சா, கீழ குமிழியை யார் பார்க்கிறது? டிரிப் ஏத்தும்போது நான் டியூபைப் பார்ப்பேனா, பக்கத்து ரூம்ல போய் உட்காருவேனா?”

“நீங்க நர்ஸா?” கடைக்காரர் குரல் இறங்கிவிட்டது.

“மேல இருந்து மெதுவாத் தள்ளுற மாதிரி ஏதாவது இருந்தா காட்டுங்க. தள்ளினா காத்து முன்னால ஓடும். இழுத்தா எங்கிருந்தாவது புதுசா வரும்.”

கடைக்காரர் மேல் தட்டிலிருந்து ஒரு பாட்டிலை இறக்கினார். அதன் குழாயை எஞ்சின் பக்கத்தில் இருக்கும் பிரேக் எண்ணெய் டப்பாவின் வாயில் ஒரு மூடியோடு இறுக்கி மாட்ட வேண்டும். பாட்டிலில் புது எண்ணெயை ஊற்றிக் கையால் கொஞ்சம் காற்றழுத்தம் கொடுத்தால், அதுவே எண்ணெயை மேலிருந்து தள்ளும். பெடலைத் தொடவே வேண்டாம். ஒழுகாமல் வேலை செய்வதைக் காட்டுவதற்காகக் கடைக்காரர் அதில் தண்ணீர் ஊற்றப் போனார்.

அப்போது கைப்பைக்குள்ளிருந்து, ஒன்பது வருஷத்தில் கேட்டிராத ஒரு குரல் பெயிண்டர் காதில் விழுந்தது. “தண்ணி பட்ட பாட்டிலை எனக்குக் கொடுக்காதீங்க. பிரேக் எண்ணெய்ல ஒரு சொட்டு தண்ணிகூட சேரக் கூடாது. காத்தை மட்டும் அடிச்சு வைங்க. நான் அழுத்தம் காட்டுற முள்ளைப் பார்க்கிறேன்.”

“எவ்வளவு நேரம்மா?”

“அஞ்சு நிமிஷம்.”

“மாப்ள, அந்த அஞ்சு நிமிஷம்!” பெயிண்டர் இரண்டு கையையும் விரித்தார். “கடையில இருபது பேர் இருந்தாங்க. ஒரு சத்தம் இல்ல. தெருவுல பஸ்கூட ஹாரன் அடிக்கல.”

“நேத்து எட்டுப் பேர்னு சொன்னீங்க” என்றார் பேங்க்காரர்.

“இன்னிக்குப் பன்னிரண்டு பேர் புதுசாச் சேர்ந்திருக்காங்க.”

முதல் பாட்டிலில் ஒரு நிமிஷத்தில் முள் சரிந்தது. வேண்டாம். இரண்டாவதில் மூன்றாம் நிமிஷம் மயிரிழை அளவுக்கு இறங்கியது. “இது போதும்மா, இவ்வளவு பார்க்கத் தேவையில்ல” என்றார் கடைக்காரர். சிஸ்டர் அதையும் தள்ளி வைத்தார். மூன்றாவது பாட்டிலில் முள் அசையவில்லை. அவர் நாடி பிடிப்பதுபோல் பாட்டில்மேல் இரண்டு விரலை வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தாராம். அதைப் பெயிண்டர் பார்க்கவில்லை. கடைக்காரர், “உங்க கை படுறப்ப அதுக்கே பயமா இருக்கும்மா” என்று சொன்னதை மட்டும் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை அவர் கண்ணாலேயே பார்த்தார். ஷெட்டில் இதே நாற்காலி, இதே டின். சிஸ்டர் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கை கழுவினார். எவர்சில்வர் தட்டில் ஸ்பேனர், துணி, உள்ளே ஓடுவது தெரிகிற பிளாஸ்டிக் குழாய் எல்லாம் வரிசையாக இருந்தன. பாட்டிலில் எண்ணெய் நிற்கும் மட்டத்தில் பிளாஸ்திரி ஒட்டி நேரம் எழுதினார். மூடி ஒழுகினால் வண்டியின் பெயிண்ட் உரிந்துவிடும் என்று சுற்றிலும் பழைய துணி விரித்தார். “பெயிண்ட் போனா அடிக்க ஆள் இருக்கு” என்று பெயிண்டர் சொன்னதற்கு, “ஆள் இருக்கு, கால் இல்ல” என்றார்.

எண்ணெய் டப்பாவுக்குத் தூரத்தில் இருக்கும் சக்கரத்திலிருந்து தொடங்கினார். நிப்பிளில் குழாயை மாட்டி, மறுமுனையை ஒரு காலி ஜாடிக்குள் விட்டு, ஸ்பேனரால் கால் சுற்று திருப்பினார். முதலில் கறுத்த எண்ணெய் வந்தது. அதில் மீன் மூச்சு விடுவதுபோல் குமிழிகள். பிறகு தேன் நிறத்தில் புது எண்ணெய். நிப்பிளை மூடிவிட்டு அடுத்த சக்கரத்துக்குப் போனார்.

“மிதிக்கட்டுமா?” என்று பழக்க தோஷத்தில் பெயிண்டர் கேட்டுவிட்டார்.

“எதால?”

பெயிண்டர் டிரைவர் சீட்டைப் பார்த்தார். காலியாக இருந்தது. ஒன்பது வருஷமாக, தான் இல்லாவிட்டால் இந்தக் காருக்கு பிரேக்கே கிடையாது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர் அவர். இப்போது யாரும் மிதிக்காமல், யாரும் கத்தாமல், எண்ணெய் தன்பாட்டில் நடந்து வந்துகொண்டிருந்தது. அவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும்; வரவில்லை. வாய் திறந்தது திறந்தபடி இருந்தது.

கடைசியாக, புதுக் குழாய் மாட்டிய சக்கரம். அங்கேதான் வம்பு. பத்து நிமிஷமாகியும் கடுகு கடுகாகக் குமிழி நிற்காமல் வந்தது. பாட்டிலில் எண்ணெய் பிளாஸ்திரிக்கு மிகவும் கீழே போய்விட்டது. அது தீர்ந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கடையோ ஞாயிறு விடுமுறை. பெயிண்டர் மனசுக்குள் பன்னிரண்டு வீட்டுக்கும் போன் போட ஆரம்பித்துவிட்டார்.

சிஸ்டர் அவசரப்படவில்லை. நிப்பிளை மூடினார். புதுக் குழாய் வளைகிற இடத்தில் காதை வைத்துப் பார்த்தார். “எங்க ஒளிஞ்சிருக்கே, வா” என்றார், ஊசிக்குப் பயந்த குழந்தையிடம் சொல்வதுபோல். பிறகு நிப்பிளைத் திறந்துகொண்டு, டிரிப் டியூபைச் சுண்டுவதுபோல் குழாயை நகத்தால் சுண்டினார். ஸ்பேனரின் பின்பக்கத்தால் பிரேக்கின் இரும்பு உடம்பில் டொக் டொக் என்று தட்டினார். ஒரு தட்டு, இரண்டு தட்டு, மூன்றாவது தட்டுக்கு, நாவல் பழம் அளவு ஒரு குமிழி கிளம்பிக் குழாய் வழியே ஏறி வந்து ஜாடியில் விழுந்து உடைந்தது. அதன் பின்னால் ஒன்றுமில்லை. வெறும் தேன்.

“நாவல் பழமா?” என்றார் தம்பி.

“இதுல கோட்டிங் இல்ல மாப்ள” என்றார் பெயிண்டர். குரல் திடீரென்று சின்னதாகிவிட்டது. “இது மட்டும் அப்படியேதான்.”

சிஸ்டர் கையைத் துடைத்து, மருந்துப் பெட்டியைப் பின்சீட்டின் காலடியில் வைத்துவிட்டு, டிரைவர் சீட்டில் ஏறினார். பெடலை ஒருமுறை மிதித்தார். கல்.

“அப்ப அந்தக் காத்தெல்லாம் சார் எழுந்து நின்னப்ப உள்ள போனதுதானே?” என்றார் தம்பி.

பேங்க்காரர் சிலிர்த்துக்கொண்டார். “நான் ஒரு தடவைதான் காலை எடுத்தேன். நீங்க முப்பது தடவை மாவு இடிக்கிற மாதிரி இடிச்சீங்க.”

“லாரி ஓட்டுற காலைப் பத்தி நீங்க பேசாதீங்க சார்.”

“லாரி பிரேக்குக்கு காத்து வேணும், கார் பிரேக்குக்கு ஆகாது. இந்த வித்தியாசம்கூடத் தெரியாம இருபது வருஷம் ஓட்டியிருக்கீங்களே.”

“அவ்வளவு தெரிஞ்சவர் போன் வந்தா ஏன் எழுந்து நிக்கிறீங்க?”

“நிமிர்ந்தேன்னு சொன்னேன்!”

பெயிண்டர் இரண்டு கவைக்கட்டைகளையும் அக்குளில் செருகிக்கொண்டு எழுந்தார். இருவரும் கவனிக்கவில்லை. நொண்டி நொண்டிக் காரைச் சுற்றிப் போய்ப் பின்கதவைத் திறந்து, முதலில் உடம்பையும் பிறகு மாவுக்கட்டுக் காலையும் சீட்டின் நீளத்துக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“நீங்க எங்க?” என்றார் சிஸ்டர், கண்ணாடியில் அவரைப் பார்த்து.

“ஊசி போடுறதை வேடிக்கை பார்க்க.”

கார் மெதுவாக உருண்டு ஷெட் வாசலைத் தாண்டியது. மூக்கு கீழ்நோக்கிக் குனிந்தது; தெரு முழுவதும் முன்கண்ணாடியில் வந்து நின்றது. கார் அங்கேயே, அந்தச் சரிவின் மேலேயே, ஆணி அடித்ததுபோல் நின்றது. பின்னால் வொர்க்‌ஷாப், லாரி, மேனேஜர் என்று குரல்கள் ஏறிக்கொண்டே போயின.

பெயிண்டர் ஜன்னலை இறக்கி, “இறங்கி ஓட வேண்டிய அவசியம் வராது” என்று கவைக்கட்டைகள் இரண்டையும் வெளியே நீட்டினார். சண்டை போட்டபடியே கூட வந்த தம்பி, பேச்சை நிறுத்தாமல், என்னவென்றுகூடப் பார்க்காமல், அவற்றை வாங்கிக்கொண்டார்.